செண்பகாவின் மெட்டி

செண்பகாவின் புதிய வலது கால் நடந்தது, படி ஏறியது, பஸ்ஸுக்கு ஓடவும் செய்தது. தொட்டால் உணரும் வசதியும் அதில் இருந்தது. கணுக்காலில் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். இரண்டு வருடமாக அவள் அழுத்தவில்லை. விபத்தில் போன காலின் விரல்கள் அவளுக்கு இன்னும் அரித்துக்கொண்டிருந்தன. புதிய கால் உணரத் தொடங்கினால் அந்த அரிப்பு நின்றுவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதுவும் நின்றால் கால் நிஜமாகவே போய்விடும் என்று அவளுக்குத் தோன்றியது.

திருநெல்வேலி மண்டபத்தில், கல்யாணத்தன்று அந்தக் காலைத்தான் அம்மியில் வைத்தாள். மாப்பிள்ளை நெல்லைநாயகம் குனிந்து மெட்டியைப் போடப் பார்த்தான். ஏறவில்லை. செண்பகாவின் அம்மா ஞாபகத்தில் பழைய விரலின் அளவைக் கொடுத்திருந்தாள்.

"எண்ணெய் தடவுங்க மாப்ளே" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

"மாமியாரையும் தள்ளச் சொல்லுங்க" என்றாள் தோழி ஒருத்தி.

வேர்த்துப்போன நெல்லைநாயகம் அழுத்தித் தள்ளினான். அது செயற்கைக் கால் என்பதை மறந்து, "வலிக்குதா?" என்று கேட்டும்விட்டான். மண்டபத்தில் சிரிப்பு அடங்கியது. அவன் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

செண்பகா அவனையே பார்த்தாள். பிறகு குனிந்து பொத்தானை அழுத்தினாள். அம்மியின் குளிர்ச்சி உள்ளங்காலில் ஏறியது.

"இப்ப கேளுங்க."

"வலிக்குதா?"

"ஆமா. மெதுவாத் தள்ளுங்க. கூச்சமா வேற இருக்கு" என்று சிரிப்பை அடக்க முடியாமல் அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

அவள் அம்மா பின்வரிசை வரை ஓடினாள். "எம்புள்ளைக்கு வலிக்குதாம்" என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.