படியேறும் அலுவலகம்

அலுவலகம் எட்டாவது மாடியில் இருந்தது. காலையில் மேலாளர் லிஃப்டைத் திரும்பியும் பார்க்காமல் படிக்கட்டுப் பக்கம் போவார். அலுவலகமே பின்னால் போகும்.

"லிஃப்டுல போனீங்கன்னா வேலை நிரந்தரமாகாது சார்" என்று புதுக் கணக்காளரிடம் டைப்பிஸ்ட் அக்கா முதல் நாளே காதைக் கடித்திருந்தாள்.

கனத்த உடம்புக்காரர் அவர். ஒரு வாரமாக எல்லாருக்கும் பின்னால் தவழாத குறையாக ஏறினார். மேலே போனால் மற்றவர்கள் நெற்றியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

இன்று இரண்டாவது மாடியிலேயே முட்டி மக்கர் செய்தது.

"போங்கய்யா, நீங்களும் உங்க வேலையும்! என்னால முடியாது!"

லிஃப்ட் பொத்தானை அமுக்கினார். லிஃப்ட் வேறு மாடியில் இருந்தால் வரும்வரை காத்திருக்க வேண்டும். அதே மாடியில் நின்றால்தான் கதவு உடனே திறக்கும்.

உடனே திறந்தது.

உள்ளே மொத்த அலுவலகமும் நெருக்கியடித்து நின்றது. நடுவில் மேலாளர், பாட்டில் தண்ணீரை நெற்றியில் தெளித்துக்கொண்டிருந்தார்.

"எல்லாரும் இங்கதான் இருக்கீங்க. அப்புறம் யாருக்காக சார் இந்த வேர்வை?"

"உங்களுக்காகத்தான்யா! நீங்க நெஜமாவே ஏறிட்டீங்களே, உங்க முன்னால எங்க மானம் போகலாமா?"