வெள்ளிக்கிழமைப் பதிவு

வேதமூர்த்தியின் வீட்டு மேஜைமேல் இருந்த கணினியில் மணி அடித்தது. பழைய வாடிக்கையாளர் ஒருவர் மறுபடி வீடு தேடத் தயாராகிவிட்டார் என்று அர்த்தம். வீட்டுத் தரகனான அவன் மூன்று மாதமாகக் காத்திருந்த மணி அது. துள்ளி எழுந்தான்.

எல்லாம் வலைப்பதிவின் வேலை. வெள்ளிக்கிழமை தவறாமல், அவன் பெயரில், அவன் பேசுகிற தோரணையில் கணினியின் செயற்கை அறிவே எழுதிவிடும். பழைய வாடிக்கையாளர்களின் மனதை ஊகித்து ஆளுக்கொரு பதிவு அனுப்பும்; யாராவது திரும்பத் திரும்பப் படித்தால் மணி அடிக்கும். வேதமூர்த்தி ஒன்றைக்கூடப் படித்ததில்லை.

திரையில் பெயரைப் பார்த்தான். சுபாஷிணி, வயலூர் ரோடு.

அவன் மனைவி. பதினோரு வருஷத்துக்கு முன் அவனிடம் ஃப்ளாட் வாங்க வந்தவள், பிறகு அவனையே கட்டிக்கொண்டாள். பட்டியலிலிருந்து அவள் பெயரை நீக்க அவனுக்குத் தோன்றவே இல்லை.

அவளுக்குப் போன பதிவின் தலைப்பு, 'தனியாகக் குடிபோகும் பெண்களுக்கு ஒற்றைப் படுக்கையறை வீடு'. 'பேச்சே இல்லாத வீட்டில் இருப்பதைவிட இது எவ்வளவோ மேல்' என்று ஆரம்பித்தது. அச்சு அசல் அவன் குரல். அவள் அதை ஒன்பது முறை படித்திருந்தாள்.

இருப்புக்கொள்ளாமல் சமையலறைக்குப் போனான். அவள் தோசை வார்த்துக்கொண்டிருந்தாள்.

"சுபா, நீ வீடு பாக்குறியா?"

"பாத்து முடிச்சாச்சு."

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?"

அவள் தோசையைத் திருப்பிப் போட்டாள்.

"நீங்கதானே நாலு வாரமா எழுதுறீங்க. நேர்ல சொல்லத் தயங்குறீங்கன்னு நெனச்சு, நேத்தே அட்வான்ஸ் குடுத்துட்டேன்."