அழும் கல்

"அந்தக் கல்லுகிட்ட நிறுத்தாமப் போன வண்டி ஊர் போய்ச் சேராது சார்!"

பின்சீட்டிலிருந்து யூனா இப்படிச் சொன்னதும் முன்சீட்டில் இருந்த ஷீனா சட்டென்று திரும்பிப் பார்த்தாள்.

தீவின் கப்பல் துறையில் இறங்கியபோது, தன் கார் ரிப்பேர் என்று மழையில் நின்றுகொண்டிருந்த உள்ளூர்க்காரி யூனா. பாவமே என்று ஏற்றிக்கொண்டது ஷீனாதான். இப்போது அவளைப் பார்க்கவே பயமாக இருந்தது. நொடிக்கொரு தரம் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறாள்!

பாதையோ ஒரே ஒரு கார் போகிற அகலம். இடது பக்கம் கிடுகிடு பள்ளம், கீழே கடல். எதிரே வெறும் மூடுபனி. அவள் கணவர் ஆலஸ்டர் என்னவோ நெடுஞ்சாலையில் போகிற மாதிரி மிதித்துக்கொண்டிருந்தார்.

"முன்னாடி வளைவு ரொம்ப மோசம், மெதுவாப் போங்கன்னு அப்பவே சொன்னேனே சார்."

"நாப்பது வருஷமா ஓட்டறேன். வளைவை நான் பார்த்துக்கறேன். நீங்க சும்மா வாங்க."

செல்போனில் பேசிக்கொண்டு வந்த சுற்றுலா வழிகாட்டிக் குரல் மறுபடியும் ஆரம்பித்தது.

"அடுத்து வருவது அழும் கல். போருக்குப் போன கணவனுக்காகக் காத்திருந்து கல்லாகிப் போனவள் இவள். எஞ்சினை அணையுங்கள். கண்ணாடியை இறக்குங்கள். பேசாமல் இருபது வரை எண்ணுங்கள். அழுகுரல் கேட்கும். நிற்காமல் போனவர்களை அவள் மன்னித்ததே இல்லை."

"பொய்! பச்சைப் பொய்!" ஆலஸ்டர் ஸ்டியரிங்கைத் தட்டினார். "பெர்த் ஊர்ப் பள்ளிக்கூடத்துல முப்பது வருஷம் சரித்திரப் பாடம் எடுத்தவன்கிட்டயேவா? இந்தத் தீவைப் பத்தி ஒரு புத்தகம் விட்டதில்ல. அப்படி ஒரு போரும் கிடையாது, பொம்பளையும் கிடையாது. காசு வாங்கிக்கிட்டுக் காதுல பூ சுத்தறானுங்க. இன்னிக்கு சாயந்தரமே புகார் எழுதி, இதைத் தூக்க வைக்கிறேனா இல்லையா பாரு!"

யூனாவின் முகம் வெளிறியது. "ஐயையோ, அதை மட்டும் செஞ்சிடாதீங்க சார்!"

"ஏன், பேய் கோவிச்சுக்குமா?"

யூனா இன்னொரு முறை கடிகாரத்தைப் பார்த்தாள். அவ்வளவுதான், பாய்ந்து ஆலஸ்டரின் தோளைப் பிடித்தாள்.

"கல்லு வந்துடுச்சு. நிறுத்துங்க சார், நிறுத்துங்க!"

ஷீனா அலறியே விட்டாள். "ஆலஸ்டர், உன் கால்ல வேணா விழறேன், நிறுத்தித் தொலை!"

பனிக்குள் சாம்பல் நிறத்தில் என்னவோ ஒன்று குந்தியிருந்தது. அதன் பக்கத்தில் கார் ஒதுங்குகிற அளவுக்கு இடம். ஆலஸ்டர் கடுகடுவென்று அதில் வண்டியைத் திருப்பி நிறுத்தினார்.

"சரி. இது பொய்தான்னு நிரூபிச்சிட்டே போறேன். இருபதுதானே?"

எஞ்சின் அணைந்தது. கண்ணாடி இறங்கியது. குளிர் உள்ளே பாய்ந்தது.

"ஒண்ணு... ரெண்டு... மூணு..."

ஷீனா கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"பன்னெண்டு... என்னம்மா, உங்க ஆளு தூங்கிட்டாளா? பதிமூணு..."

"பதினெட்டு..."

பனிக்குள்ளிருந்து ஒரு முனகல்.

இழுத்து இழுத்து, மெல்ல மெல்லக் கிட்டே வந்தது. ஷீனா ஆலஸ்டரின் கையைப் பற்றிக்கொண்டாள். ஆலஸ்டர் எண்ணுவதை நிறுத்திவிட்டார். முனகல் உறுமலாயிற்று. வளைவுக்குள்ளிருந்து இரண்டு விளக்குகள் கிளம்பி வந்தன.

பள்ளிக்கூட பஸ்!

பாதை முழுவதையும் அடைத்துக்கொண்டு, அவர்கள் காரை உரசாத குறையாகக் கடந்து போயிற்று. ஜன்னலில் மூக்கை அழுத்தியிருந்த பிள்ளைகள் கையாட்டிக்கொண்டே போனார்கள்.

நிறுத்தாமல் போயிருந்தால் இந்நேரம் வளைவில் இருந்திருப்பார்கள். ஒன்று அவர்கள் கடலில், இல்லையென்றால் அந்தப் பிள்ளைகள். ஆலஸ்டர் யூனா பக்கம் திரும்பினார்.

"பஸ் வரும்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"வளைவு மோசம்னு சொன்னேனே சார். கேட்டீங்களா?"

ஆலஸ்டர் தலையை வெளியே நீட்டி வளைவைப் பார்த்தார்.

"ஏழு வருஷத்துக்கு முன்னாடி, பஸ்ஸுக்கு வழி விடப்போய் என் வீட்டுக்காரர் வண்டியோட இந்த வளைவுலதான் கடல்ல விழுந்தார்," என்றாள் யூனா. "அப்புறம் எச்சரிக்கைப் பலகை வெச்சாங்க. அதுக்காக ஒருத்தரும் பிரேக்கைத் தொடல. இந்த வழிகாட்டி பதிவு பண்ண வந்தவங்க, ஊர்க்கதை ஏதாவது இருந்தா சொல்லுங்கன்னாங்க. சொன்னேன். அன்னிலேர்ந்து எல்லாரும் நிக்கறாங்க."

"அப்ப இந்தக் கல்லு?"

"ரோடு போட்டப்ப மிஞ்சினது சார்."

ஊர் எல்லையில் இறங்கும்போது யூனா ஜன்னலைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள். "புகார் மட்டும் எழுதிடாதீங்க சார். கதையைத் தூக்கிட்டா மறுபடியும் யாரும் நிக்க மாட்டாங்க."

ஆலஸ்டர் கியரை மாற்றினார். "இருந்தாலும் பொய் பொய்தானே," என்று முணுமுணுத்தார்.

ஷீனா அவரைத் திரும்பிப் பார்த்தாள். எழுதுவேன் என்றால் எழுதியே தீருகிற மனுஷன் அவர்.

அன்று சாயந்தரம் விடுதியில் மீன் சூப் ஆறிக்கொண்டிருந்தது. ஆலஸ்டர் தலை நிமிராமல் செல்போனில் தட்டிக்கொண்டிருந்தார்.

"வேண்டாம் ஆலஸ்டர். அந்தப் பிள்ளைங்க முகத்தையாவது நினைச்சுப் பாரு."

அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. கடைசியாக ஒருமுறை அழுத்திவிட்டுப் போனை மேஜையில் வைத்தார். ஷீனா பயந்துகொண்டே எடுத்துப் படித்தாள்.

'ஐந்து நட்சத்திரங்கள். முப்பது ஆண்டுகள் சரித்திரம் கற்பித்தவன் என்ற முறையில் உறுதியாகச் சொல்கிறேன்: அழும் கல்லின் கதை முழுக்க முழுக்க உண்மை. அழுகுரலை என் காதாலேயே கேட்டேன். தயவுசெய்து யாரும் நிற்காமல் போய்விடாதீர்கள். ஒரே ஒரு திருத்தம்: இருபது போதாது, முப்பது வரை எண்ணுங்கள்.'