சுட்டுவிரல்

"தொட்டா விழணும் பாய். அப்படி ஒரு விசையாப் போட்டுக் குடுங்க."

வெள்ளத்துரை துப்பாக்கியை மேசையில் கிடத்தினான். பயிர்க்காவல் லைசென்சில் புதிதாகக் கைக்கு வந்த ஒற்றைக்குழல் ரைபிள். கவண்கல் எறிந்ததைத் தவிர அவன் அதுவரை எதையும் குறிபார்த்தவன் இல்லை.

துப்பாக்கி ரிப்பேர் பார்க்கும் ரசூல் பாய் அதைத் திறந்து, உள்ளே தோட்டா இல்லை என்று உறுதி செய்துகொண்டார்.

"புதுசாப் பிடிக்கவருக்குக் கெட்டி விசைதான்வே தோது. லேசு விசையெல்லாம் கை பழகுனவங்களுக்கு. எதைச் சுடப் போறீரு?"

"பன்னி. கடலையப் பூராம் தோண்டிப் போடுது."

அவன் ஊர் குருவிகுளத்துக் காட்டில் பன்றி உண்டுதான். ஆனால் வெள்ளத்துரை மனசில் இருந்த பன்றி இரண்டு காலில் நடந்தது, வெள்ளை வேட்டி கட்டியிருந்தது. ஆறுமுகச்சாமி என்று பெயர். கூடப் பிறந்த அண்ணன்.

கிணற்றுப் பங்கில் வந்த தகராறு. அண்ணன் மோட்டார் ரூமைப் பூட்டிவிட்டார். தம்பியின் மிளகாய்ச் செடி நின்ற நிலையில் கருகியது. அன்றோடு பேச்சுவார்த்தை அற்றுப்போனது.

உச்சிப்பொழுதில் அண்ணன் தனியாகக் கிணற்றடிக்கு வருவார் என்று வெள்ளத்துரைக்குத் தெரியும். பன்றிக்கு வைத்த குறி தவறிவிட்டது என்று சொன்னால் ஊர் நம்பும் என்றும் தெரியும். வயிற்றெரிச்சல்காரனுக்குப் புத்தி நன்றாகத்தான் வேலை செய்யும்.

"மொதல்ல கெட்டி விசைய அழுத்திப் பாரும்" என்றார் பாய்.

அழுத்தினான். விழவில்லை. சின்ன வயதில் நாகம் தீண்டி மரத்துப்போன விரல் அது. பாதிதான் மடங்கும். பெயர் என்னவோ சுட்டுவிரல், சுடத்தான் வராது. நடுவிரலை நுழைத்துப் பார்த்தான், பிடி நழுவியது.

"அதுக்குத்தான் லேசா கேக்கேன்."

பாய் அவன் விரலையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"கெட்டி விசை உம்மகிட்ட ஒரு தரம் கேட்டுக்கிடும், சுடட்டுமான்னு. லேசு விசை கேக்காதுவே."

"கேக்க வேண்டாம்."

பாய் திருப்புளியை எடுத்தார். பழையதைக் கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டினார்.

வாசலுக்கு எதிர்ச் சுவரில் ஆளுயரக் கண்ணாடி ஒன்று இருந்தது. குறி பழகுவதற்காக அதன் நடுவில் கரியால் பொட்டு வைத்திருந்தார். கோயிலுக்குப் போகிற தெரு முழுக்க அந்தக் கண்ணாடியில் தெரிந்தது. வாசலோரம் முப்பிடாதியம்மாள் விரித்திருந்த உருக்கடையும் தெரிந்தது. வீட்டில் பாம்பைக் கண்டவர்கள் பாம்பு உரு, கால்வலிக்காரர்கள் கால் உரு என்று வெள்ளித் தகட்டில் வாங்கிப்போய் அம்பாள் உண்டியலில் போடுவார்கள்.

வெள்ளத்துரை பொட்டைக் குறிபார்த்தான்.

அந்நேரம் கரண்டு போனது. டவுன் முழுக்கக் கடகடத்துக்கொண்டிருந்த விசைத்தறிகள் ஒரே மூச்சில் அடங்கின. பட்டப்பகலில் அப்படி ஓர் அமைதியை அவன் கேட்டதே இல்லை.

டக்.

"பாய், நான் இன்னும் அழுத்தவே இல்லையே."

"அதான் சொன்னேன்லா."

பாய் விசையை மறுபடி ஏற்றிக் கொடுத்தார். வெள்ளத்துரை கண்ணை இடுக்கினான். கிணற்றடி மனசில் வந்தது. பூட்டிய மோட்டார் ரூம் வந்தது. வெள்ளை வேட்டி வந்தது.

டக்.

விரலைப் பார்த்தான். விசையைத் தொட்டதா, தொடவில்லையா? மரத்த விரலுக்கு அது எப்படித் தெரியும். தனக்கு முன்னால் அது தானாகப் போய்விட்டு வருவதுபோல் இருந்தது. வேறு யாரோ அதற்குள் இருந்து மடக்குகிறார்களோ என்று ஒரு கணம் நினைத்தான். பயமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது.

"இன்னொரு தரம்" என்றான்.

கண்ணாடியில், கரிப்பொட்டுக்கு நேராக, ஒரு வெள்ளை வேட்டி வந்து நின்றது. பின்னால் அடித்த வெயிலில் முகம் இல்லை. நினைத்தது உருவம் எடுத்து வந்து நிற்கிறதோ?

டக்.

உருவம் விழவில்லை. மெல்லக் குனிந்தது. பிறகு பேசியது.

"தாயி, ஒரு கை உரு குடு. வெரல் அஞ்சும் தெளிவா இருக்கணும்."

அண்ணன் குரல்.

வெள்ளத்துரை துப்பாக்கியை இறக்கப் பார்த்தான். சுட்டுவிரல் வளையத்துக்குள் பாதி மடங்கியபடியே சிக்கிக்கொண்டது, வர மாட்டேன் என்றது.

"வருசம் தவறாம வாரீக அண்ணாச்சி. யாருக்குத்தான் இது?" வாசலில் முப்பிடாதியம்மாள் கேட்டாள்.

"எந் தம்பிக்கு. சின்னதுல பாம்பு தொட்ட வெரலு. நாந்தான் தோள்ல போட்டுக்கிட்டு இந்தக் கோயில் வாசலுக்கு ஓடியாந்தேன். வெரலு மடங்குத வரைக்கும் வருசத்துக்கு ஒரு உரு போடுதேன்னு அம்பாளுக்கு அன்னைக்கே நேர்ந்துக்கிட்டேன்."

"உங்க ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லைன்னு சொன்னாவளே?"

"அவன்கூடத்தான் இல்ல. அவன் வெரலுகூட எனக்கு என்ன சண்டை?"

ரசூல் பாய் வெள்ளத்துரையின் முகத்தைப் பார்த்தார். அவன் கண்ணாடியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அதற்குள் அண்ணன் உருவை வெயிலில் தூக்கிப் பிடித்து, ஒவ்வொரு விரலாகத் தடவிப் பார்த்தார்.

"இதான் கடைசி உரு தாயி. அம்பாள் கண்ணைத் தொறந்துட்டா. வெரலு மடங்கிட்டு, தம்பி இப்போ துப்பாக்கி பிடிக்கானாம்."