தறிக்கூடத்து ரகசியம்

"எந்த ஓட்டை வழியா விஷயம் வெளிய போகுது? அதைச் சொல்லு மொதல்ல!"

கம்பெனி டைரக்டர் தன் உதவி மேனேஜர் பெண்ணின் காதருகே குனிந்து கத்தினார். பட்டப்பகலில் ஒலிபெருக்கியை உச்சத்தில் வைத்துச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். பாட்டின் இடியில் தரையே அதிர்ந்தது.

மூடிப்போன நெசவாலை அது. இப்போது புகைபோக்கியில் வண்ண விளக்கு, கொதிகலன் அறையில் உணவகம், தறிக்கூடத்தில் இந்த நடன அரங்கம். சுற்றுலாப் பேருந்துகள் வரிசை கட்டி வந்தன. பின்பக்கத்தில் தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளையும் இடித்துவிட்டால் ஹோட்டல் கட்டலாம். பழைய தொழிலாளர்கள்தான் நகர மாட்டேன் என்கிறார்கள்.

லைன் வீடுகளின் மின்சாரத்தைத் துண்டிக்க ஆள் போனால், மின்கம்பத்தடியில் பெண்கள் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். இடிக்கும் இயந்திரத்தைப் பின்வாசல் வழியாகக் கொண்டுபோனால், கோர்ட் தடையுத்தரவோடு வாசலிலேயே நின்றார்கள்.

டைரக்டரும் ஒவ்வொரு வழியாக அடைத்துப் பார்த்துவிட்டார். காகிதத்தில் எதுவும் எழுதுவதில்லை. செல்போன்களை அறையிலேயே பூட்டிவிட்டு வருவார்கள். பேச்செல்லாம் இங்கே, ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில்தான். "சுவத்துக்குக் காது இருந்தாலும் இந்தச் சத்தத்துல செவிடாயிடும்" என்று அவரே சிரித்ததுண்டு.

இன்று சிரிப்பில்லை.

"விஷயம் தெரிஞ்சது மூணே பேருக்கு. நான், வக்கீல், நீ. நீ குடியிருக்கறதும் அங்கதான். உங்கம்மாகிட்ட உளறினியா?"

"சத்தியமா இல்ல சார்."

அவர் அரங்கத்தின் மறுகோடியைப் பார்த்தார். அங்கே துப்புரவுப் பெண்கள் தரை துடைத்துக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் பழைய தறிக்காரிகள், எல்லோருக்கும் காது மந்தம். அவர்களில் ஒருத்தி உதவி மேனேஜரின் அம்மா.

"ஆமா, உங்கம்மாவுக்குத்தான் இடி விழுந்தாலும் கேக்காதே. அப்போ வேற யாருகிட்ட? நாளைக்குள்ள கண்டுபிடிச்சுச் சொல்லு. இல்லேன்னா நீதான்னு முடிவு பண்ணிடுவேன்."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புதுக் கட்டடத்தில் அவளுக்கு மட்டும் ஒரு வீடு என்று அவர் வாக்குக் கொடுத்திருந்தார். அதை நம்பித்தான் அக்கம்பக்கத்தாரின் ஏச்சையெல்லாம் தாங்கினாள், பெற்ற தாயிடம்கூட மூச்சு விடாமல் இருந்தாள். இப்போது அவளே திருடியாம்!

மாலையில் வீட்டுக்குள் நுழைந்ததும் பையை வீசினாள். "அம்மா! யாரு வந்து சொல்றாங்க உங்களுக்கெல்லாம்?"

முதுகைக் காட்டிக்கொண்டு பாத்திரம் கழுவிய அம்மா திரும்பவே இல்லை. தோளைத் தொட்டதும்தான் திரும்பினாள்.

"வந்துட்டியா? முதலாளிக்குக் கால் பிடிச்சு முடிஞ்சுதா?"

"உங்க ஆட்டத்தால என் வேலை போகப்போகுது! யாரும்மா அந்த ஆளு?"

"சொன்னா? நேரா போய் அவன் காதுல ஓதுவே."

அவள் கண்ணாடி முன் போய் நின்று பின்னலைப் பிய்த்தாள். ஆத்திரம் வாய்க்குள்ளேயே புரண்டது. 'வீணாப்போன வீட்டுக்கு இவ்வளவு வீம்பு' என்று உதடு மட்டும் அசைய முணுமுணுத்தாள். சத்தம் அவளுக்கே கேட்கவில்லை.

"வீணாப்போன வீட்டுலதான்டி உன்னைப் பெத்து வளத்தேன்" என்றது பின்னாலிருந்து அம்மாவின் குரல்.

சீப்பு நழுவியது. கண்ணாடிக்குள் அம்மா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நான் வாயே திறக்கலையேம்மா."

"உதடு அசைஞ்சுதே, போதாதா? ஒரு தறி ஓடினாலே பக்கத்துல நிக்கறவ பேச்சு கேக்காது. கூடம் பூரா ஓடினா? நூலைக் கொண்டுபோற நாடா இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் பாஞ்சு பாஞ்சு அடிக்கும். தொண்டை கிழியக் கத்தினாலும் வீண். அதனால குரலை விட்டுட்டோம், உதட்டை மட்டும் வெச்சுக்கிட்டோம். இந்தக் கோடியில நின்னு அந்தக் கோடியில இருக்கறவளோட மாமியார் சண்டையத் தீத்து வெச்சிருக்கேன்டி நான்."

"அப்போ டைரக்டர் பேசினதெல்லாம்..."

"நாங்க அஞ்சாறு பேரும் தரையத் தொடைச்சுக்கிட்டே பாத்தோம்."

அவள் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாம்மா?"

"நீ அவன் பக்கம் நின்னியே." அம்மா ஈரக் கையைப் புடவையில் துடைத்தாள். "இன்னிக்கு நீ அந்தாண்ட நகந்ததும் வக்கீல் வந்தாரு, அவருகிட்ட என்ன சொன்னான் தெரியுமா? 'லைன் வீடு தரைமட்டமாகட்டும், அன்னிக்கே இவளையும் வீட்டுக்கு அனுப்பிடலாம். ஃப்ளாட்டாவது மண்ணாங்கட்டியாவது'ன்னான். சொல்லிட்டுச் சிரிச்சான்."

அன்றிரவு அவள் சாப்பாட்டைத் தொடவில்லை.

மறுநாள் அரங்கத்தில் பாட்டு முழங்கியது. டைரக்டர் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார்; பக்கத்தில் வக்கீல், மறுகோடியில் தரை துடைக்கும் பெண்கள்.

"என்ன, ஓட்டையக் கண்டுபிடிச்சியா?"

"கண்டுபிடிச்சுட்டேன் சார். உங்க ரூம்தான். அங்க பேசினா வெளியில அப்படியே கேக்குது. நானே நின்னு பாத்தேன்."

டைரக்டர் முகம் கறுத்தது. வக்கீலை முறைத்தார். "அங்க பேச வேணாம்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்ல? சரி, இனிமே ஒரு வார்த்தைகூட இந்த எடத்தைத் தாண்டக் கூடாது. அடுத்த திட்டத்தைச் சொல்றேன், கேளுங்க."

அவள் மெல்ல நகர்ந்து, வெளிச்சம் அவர் முகத்தில் நேராக விழும்படி வழி விட்டாள்.

"சத்தம் ஜாஸ்தியா இருக்கு சார். வாயை நல்லாத் திறந்து பேசுங்க."