ஏழாவது தட்டு

நெய் வாசம் வந்ததுமே கலீலாவுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது.

"அம்மா, யாரோ கஹக் சுடறாங்க" என்றாள் மகள் வெரீனா.

"உன் மூக்கு ரொம்ப நீளம். உள்ளே போ."

ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை மதியம். மற்ற வருஷமென்றால் மலையடியில் இருக்கும் ஏழு வீட்டு அடுப்பிலும் கஹக் பிஸ்கட் வெந்துகொண்டிருக்கும். ஐம்பத்தைந்து நாள் தவக்காலம் முழுக்க நெய் படாத நாக்குகள் நாளைக்காகத் தவித்துக்கொண்டிருக்கும்.

இந்த வருஷம் அப்படியில்லை. அக்கரைக்கு வேலைக்கு ஆளேற்றிப் போன படகு நைல் ஆற்றில் கவிழ்ந்து முப்பத்திரண்டு நாள் ஆகிறது. கலீலாவின் புருஷன் அதில்தான் போனான். பக்கத்து வீட்டு எஸ்தீரின் ஒரே மகன் மிலாதும் அதில்தான் போனான். துக்க வீட்டில் கஹக் சுடுகிற வழக்கம் கிடையாது.

வாசமோ எஸ்தீர் வீட்டு முற்றத்திலிருந்து வந்துகொண்டிருந்தது.

கலீலா சந்தையில் வெங்காயம் விற்பவள். பத்துக் குரலை அமுக்கித் தன் குரலைக் கேட்கவைத்துப் பழகியவள். எஸ்தீர் வீட்டுக் கதவை அவள் தட்டவில்லை, தள்ளினாள்.

மண் அடுப்புக்கு முன்னால் எஸ்தீர். கறுப்பு உடை, முழங்கை வரைக்கும் மாவு.

"என்ன மிலாத் அம்மா, நெய் போதுமா? இல்ல நான் கொஞ்சம் கொண்டு வரட்டா?"

"போதும். கதவைச் சாத்திட்டு வா, அடுப்புல காத்து அடிக்குது."

"நான் குத்திக் காட்டுறதுகூட உனக்குப் புரியல. நாப்பதாம் நாள் பிரார்த்தனைகூட இன்னும் முடியல. பெத்த பிள்ளையை மண்ணுக்குள்ள வச்சிட்டு உனக்கு நாக்கு பலகாரம் கேக்குதா?"

எஸ்தீர் உருண்டை பிடிப்பதை நிறுத்தவில்லை.

"காலையில சர்ச் சாமியார் வந்து, ராத்திரி பூசைக்கு வாம்மான்னு கூப்பிட்டாரு" என்றாள் கலீலா. "'உங்க ஆண்டவர் எந்திரிச்சிட்டாரு, சரி. என் ஆளு எந்திரிச்சு வரலையே, நான் எதுக்கு வரணும்'னு கேட்டேன். பேசாம போயிட்டாரு. உன்னைப் பாத்தா பண்டிகை கொண்டாடுறவ மாதிரி இருக்கு."

"உன் மாமனார் செத்த வருஷம் உன் வீட்டுக்கு யாரு கஹக் குடுத்தா?"

"நீதான் குடுத்த. துக்க வீட்டுக்கு அக்கம்பக்கத்துல குடுக்கிறது வழக்கம்தானே. இப்ப எதுக்கு அந்தப் பேச்சு?"

"இந்த வருஷம் யாரு குடுப்பா?"

"ஏன், மேல்வீட்டு நர்கிஸ்…"

கலீலா பாதியில் நிறுத்தினாள். நர்கிஸின் அண்ணனும் அந்தப் படகில்தான் போனான்.

"சரி, எதிர்வீட்டு ஃபுல்லா இருக்காளே…"

ஃபுல்லாவின் மருமகனும் அதே படகில். கடைசி வீட்டுக் கிழவரின் பேரனும். கலீலாவின் விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கின. ஏழு வீடு. ஏழு வாசலிலும் கறுப்புத் துணி. முப்பத்திரண்டு நாளாகத் தன் வீட்டுத் துணியை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"நேத்து வெரீனா வந்தா" என்றாள் எஸ்தீர். "'அத்தை, இந்தத் தடவை யாருமே கஹக் சுடலையே, அப்போ இயேசு எந்திரிக்க மாட்டாரா?'ன்னு கேட்டா. உன்கிட்ட கேக்க பயமாம்."

கலீலா திரும்பித் தன் வீட்டுப் பக்கம் பார்த்தாள்.

"என் மிலாத் அவருகிட்டதான் இருக்கான், ஒருநாள் பாத்துருவேன்னு நம்பித்தான் தினமும் காலையில எந்திரிக்கிறேன். அந்தப் பிள்ளைகிட்ட போய், இந்த வருஷம் அதெல்லாம் இல்லன்னு எப்படிச் சொல்லுவேன்? அழுதுக்கிட்டே மாவைச் சலிச்சேன். வேற என்ன பண்ண?"

சுவரோரம் பலகையில் தட்டுகள் வரிசையாக இருந்தன, ஒவ்வொன்றின் மேலும் ஒரு வெள்ளைத் துணி. சந்தைக்காரியின் கண் தானாக எண்ணியது.

"ஆறுதான் இருக்கு."

"ஆமா, ஆறுதான்."

"வீடு ஏழாச்சே. உன் வீட்டுக்கு?"

"துக்க வீட்டுக்காரி தனக்குன்னு சுட்டுக்கிறதா? வழக்கம்னு ஒண்ணு இருக்குல்ல. நீதானே இவ்வளவு நேரம் சொன்ன."

கலீலா முதல் தடவையாகப் பேரத்தில் தோற்றாள். பிறகு தொட்டித் தண்ணீரில் கையைக் கழுவினாள். கறுப்பு உடையின் கையை மடித்துவிட்டுக்கொண்டாள்.

"ராத்திரி பூசை எத்தனை மணிக்கு?"

"எட்டு மணிக்கு. ஏன்?"

"அதுக்குள்ள வெந்துரும்" என்று எஸ்தீரை இடித்துக்கொண்டு மாவுச் சட்டியின் முன்னால் உட்கார்ந்தாள். "நகரு. உன் வீட்டுத் தட்டை நான் சுடறேன்."