மருந்து மடிப்பு

ஏணிப் பெட்டியின் அரக்கை உடைத்து மேசைமேல் கவிழ்த்தார்கள். திருப்பாச்சூர் வாக்குச்சாவடிப் பெட்டி அது. எண்ண வேண்டியதில் கடைசி.

வேட்பாளர் துளசிராமன் மேசையோரம் நின்றான். இதுவரை இருநூறு ஓட்டு முன்னால் இருந்தான். இந்தக் குவியலில் அதற்குமேல் இருந்துவிட்டால் எல்லாம் போயிற்று.

ஐம்பத்தேழாம் வருஷத் தேர்தலில் ஆளுக்கொரு பெட்டி. சீட்டில் குறி எதுவும் போட வேண்டாம். வேண்டியவரின் சின்னம் ஒட்டிய பெட்டிக்குள் மடித்துப் போட்டால் தீர்ந்தது. துளசிராமனுக்கு விளக்கு, எதிராளிக்கு ஏணி.

தாத்தா ஜில்லா போர்டு. அப்பா சட்டசபை. மேடையிலேயே அப்பா சரிந்து விழுந்து உயிர்விட்ட சேதி ஊரெல்லாம் சுற்றிவிட்டுக் கடைசியாகத்தான் வீட்டுக்கு வந்தது.

குவியலில் ஒரு சீட்டு மட்டும் வேறு மாதிரி கிடந்தது.

மூன்றாக மடித்து, ஒரு முனையை உள்ளே செருகியிருந்தது. தூள் சிந்தாத மடிப்பு. தாத்தா காலத்திலிருந்து அவர்கள் வீட்டில் காசு வாங்காமல் கொடுக்கிற சூரணப் பொட்டலம் அப்படித்தான் இருக்கும். அந்த வட்டாரத்தில் அது போகாத வயிறு இல்லை.

அப்படி மடிக்கத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். அம்மா கோவிந்தம்மாள். மனைவி சந்திரகலா.

ஏணிக்காரரின் ஏஜெண்டு லோகநாதன் எட்டிப் பார்த்தான்.

"இன்னா நைனா, உங்க ஊட்டு மருந்து எங்க பொட்டிக்குள்ள பூந்துகினு கீது?"

துளசிராமன் சிரித்தான்.

"எங்கம்மாவுக்குக் கண்ணு மங்கல்பா. ஏணி எது, வௌக்கு எதுன்னு தெரிஞ்சிருக்காது."

மேசையைச் சுற்றி நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள்.

சிரிப்பு அடங்கவில்லை. எழுத்தர் இன்னொரு சீட்டைப் பிரிக்க முடியாமல் நகத்தால் நெம்பிக்கொண்டிருந்தார்.

அதே மடிப்பு.

சந்திரகலா விளக்கில்லாமலே ஊசியில் நூல் கோப்பவள்.

ஏணிக்கு நூற்று எழுபத்தொன்று என்றார் அதிகாரி. ஜெயித்தாயிற்று. வெளியே வெடி வெடித்தது. கழுத்தில் மாலை விழ, யார் யாரோ அவனைத் தோளில் தூக்கினார்கள். கும்பிடக் கை எழவில்லை அவனுக்கு.

காலையில் சோற்று டப்பாவைக் கொடுக்கும்போது சந்திரகலா கேட்டிருந்தாள்:

"தோத்துட்டா நேரா ஊட்டுக்கு வந்துடுவீங்க இல்ல?"

பாவம், பயப்படுகிறாள் என்று நினைத்தான். தோற்கவே மாட்டேன் என்று அவள் கன்னத்தைத் தட்டிவிட்டு வந்தான்.

கதவோரம் அம்மாவும் நின்றிருந்தாள். அவன் என்ன பதில் சொல்லப்போகிறான் என்று அவன் வாயையே பார்த்துக்கொண்டு.